முனிசிபல் தேர்தல்: சொல்லும் பொருளும்

‘முனிசிபல்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மூனுஸ்’ என்றால் கடமை. ‘காபெரே’ என்றால் ஏற்றுக்கொள்வது. ரோமின் ஆட்சிக்குள் வந்த பிறகும் தன் ஊர்க் காரியத்தைத் தானே கவனித்துக்கொண்ட நகரம் ‘முனிசிபியம்’. அதன் மக்களுக்கு வரியும் படைச்சேவையும் கடமையாக இருந்தன.

தமிழில் நகராட்சி. பெரிய நகரம் என்றால் மாநகராட்சி; கிராமங்களையும் சேர்த்துச் சொன்னால் உள்ளாட்சி. ஆகவே முனிசிபல் தேர்தலை நகராட்சித் தேர்தல் என்பதே சரி.

அமெரிக்க அரசியலைப் படிக்கும்போது இதோடு ‘கன்சர்வேட்டிவ்’ என்ற சொல்லும் வரும். காத்து வைப்பது என்பது அதன் லத்தீன் மூலப்பொருள். 1830களில் பிரிட்டனின் டோரிகள் என்ற அரசியல் அணியினர் அதைக் கட்சிப் பெயராக்கினார்கள். நாம் ‘பழமைவாதி’ என்கிறோம். அதில் வசவு வாடை அடிக்கிறது. ‘மரபுவாதி’ என்பதே நியாயமான சொல் என்று நினைக்கிறேன்.

அதிகாரம் வாஷிங்டனில் குவியக் கூடாது, ஊர் விஷயம் ஊராரிடமே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மரபுவாதிகளின் பழைய கொள்கை. அப்படியானால் அவர்கள் முதலில் போய் நிற்க வேண்டியது நகராட்சித் தேர்தல் வரிசையில்தான். நகரத்தின் சொத்துவரி விகிதம், போலீசுக்கு எவ்வளவு பணம், எந்தத் தெருவில் அடுக்குமாடி கட்டலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் நகர மன்றமே முடிவு செய்கிறது. ஆனால் பல ஊர்களில் இந்தத் தேர்தல் அதிபர் தேர்தலோடு சேர்ந்து வருவதில்லை. வாக்களிக்க வருவோர் குறைவு. அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டு, அப்புறம் வரி ஏறிவிட்டது என்று குமுறி என்ன பயன்?

டெக்சாஸின் டாலஸ் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்தல்; 2025 வரை அது மே மாதம் நடந்தது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஜனநாயகக் கட்சிக்காரராக மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த எரிக் ஜான்சன் 2019இல் மேயரானார். 2023 மே மாதம் மீண்டும் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், மரபுவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சிக்கு மாறினார். கட்சி அடையாளத்தை மட்டும் நம்பி வாக்களிப்பவருக்கு இந்தத் தேர்தலில் பிடிமானமே இல்லை. வேட்பாளர் யார், இதுவரை என்ன செய்தார் என்று தேடித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு செப்டம்பரிலும் பட்ஜெட் நிறைவேறும்போது எந்த உறுப்பினர் எதை ஆதரித்தார் என்பது பதிவாகிறது. வாக்களிக்கப் போகிறவர் புரட்ட வேண்டியது அந்தப் பதிவைத்தான்.