சுதந்திரம்: சொல்லும் பொருளும்

சிறு தீவு நாடுகள் பெற்ற உரிமையைப் பற்றி எழுத ‘சுதந்திரம்’ என்ற ஒரே சொல் போதுமா? சுதந்திரம் வடசொல். ‘ஸ்வ’ என்றால் தன்னுடைய என்று பொருள். ‘தந்த்ர’ என்பது ஆட்சிமுறையையும் சாத்திரத்தையும் குறிப்பதற்கு முன்பே தறியையும் அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறித்த சொல். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியருகே நின்று, விறைப்பாக நீண்டு கிடக்கும் பாவிழைகளுக்கிடையே குறுக்கிழையான ஊடை ஓடியோடிக் கட்டம் விழுவதைப் பார்த்தவருக்கு இப்பொருள் உடனே பிடிபடும். தறி நெய்பவருடையதாகவே இருந்தாலும் நூல் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

நம் சிற்றூர்களில் இது களத்துச் சொல்லாகவும் வழங்கியது. நெல் அளக்கும்போது ஊர் ஊழியர்களுக்குப் பரம்பரை உரிமையாக அளந்து கொடுத்த பங்குக்குச் சுதந்திரம் என்றே பெயர். நாட்டு விடுதலை என்னும் பொருள் மேலோங்கியபின் இப்பொருள் மறைந்துபோனது பெரிய இழப்பு. சிறு தீவு நாடுகளைப் பற்றிப் பேசும்போது, உரிமை வந்தபின் களத்தில் என்ன அளந்தார்கள், அதாவது கைக்கு என்ன வருவாய் வந்தது என்பதே முதற்கேள்வி.

செட்டிநாட்டார் பல தலைமுறை வணிகம் செய்த இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. ஆனால் இருப்பிலுள்ள வெளிப்பணத்தின் அளவுக்கே நாணயம் வெளியிட்ட நாணய வாரியத்தை விட்டுத் தனக்கென மத்திய வங்கியைத் தொடங்கியது 1950-இல்தான். 1968 ஜனவரியில் விடுதலை பெற்ற பசிபிக் தீவு நாடான நவூரு, 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. 1970-இல் உரத்துக்கான பாஸ்பேட் கனிமத் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுவந்து பெருஞ்செல்வம் கண்டது. கனிமம் வற்றியது, சேர்த்துவைத்த நிதியும் கரைந்தது. புழங்கும் பணமோ இன்றுவரை ஆஸ்திரேலிய டாலர்தான். 1968 மார்ச்சில் விடுதலை பெற்ற மொரீசியசின் ஏற்றுமதி ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாக இருந்தது. அந்நாடு 1970-இல் ஏற்றுமதித் தொழில்களுக்குச் சலுகை தரும் சட்டம் இயற்றியது. 1975 முதல் ஐரோப்பா உறுதியளித்த விலையில் சர்க்கரை விற்று, அந்த வருவாயில் ஒரு பகுதியை ஆடை ஆலைகளில் முதலிட்டது. நவூரு விற்றது தீர்ந்துபோகும் மண்ணை. மொரீசியசு வளர்த்தது தொழிலை. இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டமான கொமொரோசு 1975-இல் பிரான்சிடமிருந்து பிரிந்தபோது அந்நாட்டுடனேயே தங்கிவிட்ட மயோட் தீவு, இன்று வருமானத்தில் கொமொரோசைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. கசப்பானாலும் இதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல் போதாது. ஆட்சி கைமாறும் நிகழ்வுக்கு ‘விடுதலை’ பொருந்தும். அது ஒரே நாளில் வருவது. ‘தன்னாட்சி’ இன்று மாநில, பல்கலைக்கழக அளவிலான உரிமைக்கு வழங்குவதால் நாட்டுக்கு இட்டால் பொருள் குறையும். சொந்த வருவாயில் நிற்கும் நிலைக்குத் ‘தற்சார்பு’ என்பதே சரியான சொல். ‘நவூரு 1968-இல் விடுதலை பெற்றது, தற்சார்பு பெறவில்லை’ என்று எழுதினால் இரண்டும் தெளிவாக விளங்கும்.