மண்ணுல நடக்கிற ப்ரைமிங் எஃபெக்ட்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது தெரியும், லயத்துக்குப் (தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு) பின்னாடி இருந்த கைப்பம்பு நாலு நாள் சும்மா கெடந்தா வெறும் காத்துதான் வரும், மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு அடிச்சாதான் அடியில கெடக்கிற தண்ணி ஏறும். அந்த ஒரு சொம்பு ஊத்துறதுக்கு இங்கிலீஷ்ல ப்ரைமிங்னு பேரு. அதனால அகராதியப் பாத்து 'முதன்மை விளைவு'ன்னு எழுதுனா தப்பாயிடும்.

மண்ணுலயும் இதே கதைதான். லோனிஸ்ங்கிற மண் ஆராய்ச்சியாளர் 1926லயே பாத்துட்டாரு, பச்சைத் தழைய மண்ணுல போட்டா அது மக்குறது மட்டும் இல்லாம ஏற்கனவே இருந்த பழைய மக்கும் சேந்து கரையுதுன்னு (மக்குன்னா வாத்தியார் நமக்குக் குடுத்த பட்டம் இல்லீங்க, இலைதழை மட்கிக் கருப்பா கெடக்குமே அது). ப்ரைமிங்கிற பேரு 1953லதான் வந்துச்சு.

மரத்துல அந்த சொம்பத் தூக்கி ஊத்துறது வேருதான். சக்கரை, அமினோ அமிலம், ஆக்சாலிக் மாதிரி புளிப்பு அமிலம்னு வேர்நுனி கசியவிட்டுகிட்டே இருக்கும், அத சாப்பிட்டு தெம்பான பாக்டீரியாவும் பூஞ்சையும் தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தலைன்னு என்சைம விட்டு பழைய மக்க ஒடைக்கும், அதுக்குள்ள இருந்த தழைச்சத்து வெளிய வரும், அதுல ஒரு பங்கு மரத்துக்கும் போகும். களிமண் தாதுல ஒட்டிகிட்டிருந்த கரிமத்தக்கூட (கார்பன்) அந்த ஆக்சாலிக் அமிலம் பிரிச்சு விட்டுடும். ஆனா எப்பவும் மக்கு கரையிற வேகம் கூடும்னு நெனச்சிடாதீங்க, செடி இல்லாத மண்ணோட ஒப்பிட்டா பாதியா குறைஞ்சதும் உண்டு, நாலு மடங்குக்கு மேல ஏறினதும் உண்டு.

இது நடக்கிற எடம் ரைசோஸ்பியர், 1904ல ஹில்ட்னர்ங்கிற ஜெர்மன்காரர் வெச்ச பேரு, கிரேக்கத்துல ரைசான்னா வேர். 'வேர்மண்டலம்'னு எழுதுறாங்க, எனக்கு ஒட்டல, ஏன்னா வேர் போற மொத்த ஆழத்துக்கும் நாம அதத்தான் சொல்றோம், இது வேரச் சுத்தி சில மில்லிமீட்டர்தான். 'வேர்ச்சூழ் மண்'னா சரியா இருக்கும். அங்க நடக்கிற ப்ரைமிங்குக்கு என் ஓட்டு 'வேர்த்தூண்டல்', தழை போட்டு நடக்கிறதுக்கு 'தழைத்தூண்டல்'.

செம்பனைக்காட்டுல (எண்ணெய்ப்பனைத் தோட்டம்) வெட்டின மட்டைய வரிசைக்கு நடுவுல அடுக்கி வெச்சிருப்பாங்கள்ல, அடுத்த தடவ அடி மட்டையத் தூக்கிப் பாருங்க, பாம்பு இருக்கான்னு பாத்துட்டு தூக்குங்க, மக்கிப்போன ஓலைக்குள்ளயே மயிரு மாதிரி வேருங்க ஏறி வந்திருக்கும், வேரும் தழையும் ஒண்ணா சேர்ற எடம் அது.