ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர் ஏன் சுடுகிறது?

புது ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: "பக்கத்துல கை வச்சா சுடுதே, ஏதாவது கோளாறா?" கோளாறு இல்லை. பழைய ஃப்ரிட்ஜ்களின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பிச் சட்டம் இருக்கும், ஒட்டடை பிடித்து, கரப்பான்பூச்சி குடியிருந்து, மழைக்காலத்தில் கைக்குட்டை காயப்போட வசதியாக. கண்டென்சர் என்று அதற்குப் பெயர். அந்தச் சட்டத்தில் வளைந்து வளைந்து ஓடும் குழாயைத்தான் இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்பக்கமாக ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். தோசைமாவிலிருந்தும் பால் பாக்கெட்டிலிருந்தும் உறிஞ்சிய வெப்பம், கம்ப்ரஸர் (வாயுவை அழுக்கும் மோட்டார்) இழுத்த மின்சாரம் மாறிய வெப்பம் இரண்டும் சேர்ந்து அந்தத் தகடு வழியாகத்தான் சமையலறைக்குள் வருகிறது. சுடவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஏன் அவ்வளவு சூடு? மே மாதத்தில் சமையலறை 35 டிகிரியில் இருக்கும். அந்தக் காற்றிடம் வெப்பத்தைத் தள்ள வேண்டுமென்றால் குழாய் அதைவிடச் சூடாக, 45, 50 டிகிரியில் இருந்தாக வேண்டும். ஃப்ரீசரிலோ நேர் எதிர். அங்கே மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் ஐஸிடமிருந்தும் வெப்பத்தைப் பிடுங்க வேண்டும், அதனால் அங்குள்ள குழாய் மைனஸ் 20, 25க்குப் போக வேண்டும். ஒரே வாயுதான் இரண்டு வேலையையும் செய்கிறது, அழுத்தத்தை மட்டும் மாற்றி.

இது நமக்குப் புதிதல்ல. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், பருப்பு வேகாது; குக்கரில் 120ஐ எட்டும், பருப்பு குழைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்கும், கூடினால் ஏறும். இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் நெருங்கிய சொந்தம். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 12 டிகிரியிலேயே கொதிக்கும். கம்ப்ரஸர் ஃப்ரீசர் பக்கமிருந்து அதை உறிஞ்சி அங்கே அழுத்தத்தைக் காற்றழுத்தத்துக்கும் கீழே கொண்டுபோவதால் மைனஸ் 20க்குக் கீழேயும் அது கொதிக்கிறது, கொதிக்கத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அப்புறம் அதே வாயுவைக் காற்றழுத்தத்தைப்போல ஆறு மடங்குக்கு அழுக்கிப் பக்கச் சுவர்க் குழாயில் விட்டால், 45 டிகிரியிலேயே திரவமாகி, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு சின்ன ஃப்ரிட்ஜுக்கு 50 கிராம் அளவு வாயு போதும். அடுப்புக்கு வரும் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால், எரியும் வாயுவா என்ற பயம் கொஞ்சம் குறையும்.

இந்த வாயுவுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. 1920களின் ஃப்ரிட்ஜ்களில் சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இதைக் கண்டு ஐன்ஸ்டைனே (ஆமாம், அவரேதான்) இயற்பியலாளர் லியோ ஸிலார்டுடன் சேர்ந்து, அசையும் பாகங்களோ கசியும் மூட்டுகளோ இல்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்கு வரவில்லை. அதற்குள் விஷமும் இல்லாத, எரியவும் எரியாத ஃப்ரீயான் என்ற வாயு வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. அது ஓசோனை அரிக்கும் என்று தெரிந்து அதைக் கைவிட 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள். மாற்றாக வந்த ஆர்134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். கடைசியில், எரியும் என்று ஒதுக்கிய, ஐசோபியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பனிடமே திரும்ப வந்தோம்.

சரி, அழுத்தத்துக்குத் திரும்புவோம்: ஒரு பக்கம் காற்றழுத்தத்தைப்போல ஆறு மடங்கு, இன்னொரு பக்கம் ஒன்றுக்கும் கீழே. நடுவில் இந்த வித்தியாசத்தைத் தாங்குவது யார்? வால்வு என்று நினைப்பீர்கள். இல்லை, கேப்பிலரி என்கிற ஒரு செம்புக் குழாய். இரண்டு மூன்று மீட்டர் நீளம், உள்துளை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. அதன் நீளத்தையும் துளையையும் கம்ப்ரஸருக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பதில்தான் வடிவமைப்பாளரின் பாதித் திறமை இருக்கிறது என்பேன்: துளை கொஞ்சம் பெரிதானால் திரவம் கொதிக்காமலே கம்ப்ரஸருக்குள் போகும், சிறிதானால் ஃப்ரீசர் பட்டினி கிடக்கும். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் கேப்பிலரியின் குளிர்ந்த முனையில் ஐஸாகி அடைத்துவிடும். அதனால்தான் கேஸ் ஏற்றுவதற்கு முன்பு வெகுநேரம் வாக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். அவசரப்படும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

கரண்ட் போய் உடனே வந்தால் ஃப்ரிட்ஜை இயக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தக் குழாயால்தான். கம்ப்ரஸர் நின்றதும் இரு பக்க அழுத்தமும் கேப்பிலரி வழியாக மெல்ல மெல்லச் சமமாகும், அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் வந்தால், தொடக்கத்தில் அவ்வளவு பலமில்லாத அந்தச் சின்ன மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற முடியாமல் உறுமும், ஓவர்லோட் என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் சூடாகி டக்கென்று கரண்டைத் துண்டிக்கும். ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் காத்திருப்பது வீணுக்கல்ல.

இத்தனையும் சொன்னேன், ஆனால் ஃப்ரிட்ஜ் வடிவமைப்பு உண்மையில் தொடங்குவது சுவரில். வெளியளவு 55க்கு 60க்கு 120 சென்டிமீட்டர் என்று ஒரு பெட்டியை வைத்துக்கொள்வோம். சுற்றிலும் வெப்பத்தைத் தடுக்கும் 5 சென்டிமீட்டர் பாலியூரித்தேன் நுரை. வெளியே 32 டிகிரி, உள்ளே 4 என்றால், சுவர் வழியாக மட்டும் சுமார் 34 வாட் வெப்பம் இரவும் பகலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஃப்ரீசரையும் கதவு ரப்பரையும் சேர்த்தால் 40 வாட் குண்டு பல்பு ஒன்று உள்ளேயே அணையாமல் எரிகிற மாதிரி. சுவரை 7 சென்டிமீட்டர் ஆக்கினால் இந்த வெப்பம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் உள் கொள்ளளவு 247 லிட்டரிலிருந்து 200க்கு இறங்கிவிடும், கம்ப்ரஸர் இடத்தைக் கழிக்காமலே. நாம் கடையில் லிட்டரைத்தானே கேட்கிறோம், சுவர் எத்தனை அங்குலம் என்று யார் கேட்கிறார்கள்.

அந்த நுரையை ஊற்றும் விதமும் அழகு. அரை மில்லிமீட்டர் அளவுள்ள எஃகுத் தகட்டை வளைத்து, உள்பக்கம் கண்டென்சர் குழாயை அலுமினிய டேப்பால் ஒட்டி, பிளாஸ்டிக் உள்கூட்டை நுழைத்து, இடைவெளியில் இரண்டு திரவங்களைக் கலந்து செலுத்துகிறார்கள். இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்குவது இங்கே சில நிமிடங்களில். சுவர் பிதுங்கிவிடாமல் உள்ளும் புறமும் அச்சுகளால் அழுத்திப் பிடித்திருப்பார்கள். இறுகியதும் தகடு, குழாய், நுரை, உள்கூடு எல்லாம் பிரிக்கவே முடியாத ஒரே துண்டு. தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பலம் கொடுப்பது இந்த நுரைதான்.

பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கலும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியதைக் கத்தியால் நெம்பி ஃப்ரீசர் தகட்டில் ஓட்டை போட்டவர்களில் நானும் ஒருவன். அதுவாவது கண்ணுக்குத் தெரியும் இடம். பக்கச் சுவரில் கரண்டி ஸ்டாண்ட் மாட்ட ஒரு ஸ்க்ரூ ஏற்றி, அது தகட்டை ஒட்டி ஓடும் குழாயில் இறங்கிவிட்டால், நுரைக்குள் புதைந்த குழாயை அடைக்க மெக்கானிக்கால் ஆகாது. உள்குழாயை அப்படியே கைவிட்டுவிட்டு, புதிதாக ஒரு கண்டென்சர் வாங்கி முதுகில் மாட்டிப் பற்றவைத்துக் கொடுப்பார். அப்புறம் பக்கச் சுவர் சுடாது. பின்னால் பழையபடி அந்தக் கறுப்புக் கம்பிச் சட்டம்.