நரிக்கு எதுக்குக் கையுறை?

மைனி ஆன்லைனில் வாங்கிய விதைப் பொட்டலத்தில் 'மஞ்சள் நரிக்கையுறை' என்று அச்சிட்டிருந்தது. "நரிக்கு எதுக்குடே கையுறை?" என்று என்னிடம் கேட்டார். ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடிதான் அது. ஃபாக்ஸ் நரி, குளோவ் கையுறை. இந்தத் தமிழாக்கத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஐரோப்பிய மலைக்காட்டுச் செடி நாகர்கோவில் வெயிலுக்குத் தாங்குமா என்பது வேறு கதை.

1542-இல் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் இதற்கு டிஜிட்டாலிஸ் என்று லத்தீன் பெயர் வைத்தார். டிஜிட்டஸ் என்றால் விரல். அவர்கள் மொழியில் பூவின் பெயர் ஃபிங்கர்ஹுட். ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர் விரல்நுனியில் மாட்டும் மூடி. டிஜிட்டலும் இதே விரலில் பிறந்ததுதான். டிஜிட்டலைத் தமிழில் எண்மம் என்கிறார்கள். நல்லவேளை, 'எண்மப்பூ' என்று யாரும் போடவில்லை.

நரியோடு எனக்குச் சண்டையில்லை. நரிவெங்காயம், நரிப்பயறு என்று நம்மிடமே உண்டு. அதிலும் நரிவெங்காயத்தில் இருப்பது, இந்தச் செடியைப் போலவே, இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தகராறு கையுறையில்தான். சங்கப் பாட்டில் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவும்தான் கையுறை. தோழி அதை வேண்டாம் என்பாள். அப்படிப் பார்த்தால் இது நரி கொடுத்த பரிசு! சரி, இன்றைய பொருளிலேயே எடுப்போம். கையுறைக்குள் ஐந்து விரல் போகும், இந்தப் பூவுக்குள் ஒன்றுதான் போகும். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு என்பதால் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். 'கையுறை அணிந்து நரிக்கையுறையைத் தொடவும்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

நண்பர் ஒருவர் 'விரற்பூ' என்கிறார். அழகுதான். ஆனால் தமிழில் விரலுக்கு உவமை காந்தள். அதன் இடத்தில் இதை உட்காரவைக்க முடியாது. மஞ்சள் விரலுறைப்பூ என்பேன் நான். பூவைப் பார்க்காதவருக்கும் வடிவம் விளங்கும்.

தோவாளைச் சந்தையில் கோழிக்கொண்டையைக் குவித்திருப்பார்கள். பூவை நேரில் பார்த்தவன் வைத்த பெயர் அது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியைத் திறந்து ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு தமிழ் ஒட்டிவிடுகிறார்கள். கேட்டால் தூய தமிழாம். அதற்கு ஃபாக்ஸ்குளோவ் என்றே விட்டுவிடலாம். ரோஜாவை யாரும் இன்னும் விரட்டவில்லையே.