புண் இல்லாமலும் வாய் எரியும்

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பரிசோதனை அறிக்கைகளை ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துக்கொண்டு அண்மையில் என்னிடம் வந்தார். நாக்கு நுனியும் மேலண்ணத்தின் முன்பகுதியும் வெந்நீர் பட்டதுபோல் எரிகின்றன என்றார். காலையில் லேசாகத் தொடங்கும் எரிச்சல் மாலைக்குள் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடுவதாகவும், வாயில் எந்நேரமும் ஓர் உலோகச் சுவை தங்கியிருப்பதாகவும் சொன்னார். இதற்குக் காரணம் பல்தான் என்று முடிவு செய்து, ஓரிடத்தில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்திருக்கிறார்கள். எடுப்பதற்கு முந்தைய எக்ஸ்ரே அவர் கோப்பிலேயே இருந்தது. அந்தப் பற்களில் சொத்தையும் இல்லை, வேரில் சீழும் இல்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. வாய்நோய்ச் சிறப்பு மருத்துவத்தில் இருக்கும் நான் இதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துபோனதால்தான் எழுதுகிறேன்.

இதற்கு மருத்துவத்தில் பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்று பெயர். வாய் எரிச்சல் நோய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதங்களுக்கும் மேலாக வாயில் எரிச்சல் இருந்து, பரிசோதனையில் வாயின் உட்தோல் இயல்பாகவே காணப்பட்டு, வேறு காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்டுவிட்டால் இந்த நோய் என்று உறுதிசெய்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் மிகுதியாகக் காண்கிறோம். ஆண்களுக்கும் வருவதுண்டு, முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு வருவது அரிது.

நோயாளிகளை எரிச்சலைவிட அதிகமாக வருத்துவது, “பார்த்தால் ஒன்றுமே இல்லையே” என்ற ஒற்றை வாக்கியம். வீட்டார் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள், மருத்துவர்களும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது வாயின் மேற்பரப்பு மட்டுமே. வலியை உணர்ந்து மூளைக்குக் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகளை டார்ச் வெளிச்சத்தில் எவராலும் பார்க்க முடியாது. இந்நோயாளிகளின் நாக்கிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மேல்தோலுக்குள் இருக்கவேண்டிய மெல்லிய நரம்பிழைகள் வெகுவாகக் குறைந்திருந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவு உள்ள ஒருவர் பாதம் எரிகிறது என்று வந்தால், பாதத்தில் காயமில்லை, ஆகவே எரிச்சல் பொய் என்று நாம் திருப்பி அனுப்புகிறோமா? அக்கி கொப்புளங்கள் ஆறித் தழும்பான பிறகும் மாதக்கணக்கில் வலி நீடிக்கிறது என்பவரை நம்பாமல் இருக்கிறோமா? நரம்பால் வரும் வலி என்று அங்கெல்லாம் ஒப்புக்கொள்பவர்கள், வாய் என்று வந்தவுடன் மட்டும் புண்ணைக் காட்டு என்று கேட்பது எந்த வகையில் நியாயம்?

“சாப்பிடும்போது மட்டும் எரியவில்லையாம், அப்படியென்றால் நடிப்புதானே” என்று ஒரு மகன் தன் தாயின் முன்னிலையிலேயே என்னிடம் கேட்டதுண்டு. உண்மை இதற்கு நேர் எதிரானது. புண்ணோ பூஞ்சைத் தொற்றோ இருந்தால் உணவு பட்டவுடன் வலி கூடும். இந்த நோயிலோ பலருக்கு உண்ணும்போதும் குடிக்கும்போதும் எரிச்சல் தணிகிறது. அந்தத் தாய் சொன்னது, நோயை அடையாளம் காண எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான குறிப்பு. மனக்கவலையும் தூக்கமின்மையும் இந்நோயாளிகள் பலரிடம் இருக்கின்றன. அவற்றையும் கவனித்தே ஆகவேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வாய் எரிந்து, யாரும் நம்பாமலும் போனால் எவருக்குத்தான் கவலை வராது?

நரம்புக் கோளாறு என்று முதல் நாளே முத்திரை குத்திவிடவும் கூடாது. இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் ஆகியவற்றின் குறைபாடு, நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உமிழ்நீர் வறட்சி, பல்செட்டுக்கு அடியில் படியும் பூஞ்சை, லைக்கன் பிளேனஸ் போன்ற தோல்நோய் என எதுவும் வாயை எரியவைக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் எரிச்சலும் பெரும்பாலும் தணிந்துவிடும். எனலாபிரில், லிசினோபிரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளாலும் சிலருக்கு வரும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும், இலவங்கப்பட்டை மணமூட்டியும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பரிசோதனை எதுவும் செய்யாமல் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை எடுத்த பிறகு பி12 அளவைப் பார்த்தால், உண்மையில் குறைபாடு இருந்ததா என்பதே மறைந்துபோகும். பி6 அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் உணர்வு நரம்புகளையே சேதப்படுத்தும். நரம்பு எரிச்சலுக்கு என்று வாங்கிச் சாப்பிடுவது நரம்பையே கெடுக்கலாம். ரத்தப் பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு.

சிகிச்சை பற்றிப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. இந்த நோய்க்கான சிகிச்சைகள் குறித்த 23 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2016இல் வெளியானது. எந்த ஒரு மருந்துக்கும் உறுதியான சான்று போதவில்லை என்பதே அதன் சாரம். ஆயினும் கைவிடப்பட்ட நிலை என்று எண்ண வேண்டாம். எரிச்சலை அன்றாட வாழ்க்கை நடத்தக்கூடிய அளவுக்குத் தணிக்கப் பலருக்கும் முடிகிறது. குளோனாசெபாம் மாத்திரையை விழுங்காமல் வாயிலேயே கரைத்து, எரியும் இடத்தில் அந்த உமிழ்நீரை மூன்று நிமிடம் தேக்கிவைத்துத் துப்பிவிடும் முறை ஓரளவு நன்றாகச் சோதிக்கப்பட்டது. “இது வலிப்பு மாத்திரையாச்சே, உங்களுக்கு எதற்கு?” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, பாதியில் விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். ஒரே மருந்து பல நோய்களுக்குப் பயன்படும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். துப்பினாலும் கொஞ்சம் உடலில் சேரத்தான் செய்யும், ஆகவே தூக்கக் கலக்கம் வரலாம், முதியவர்கள் தடுமாறி விழலாம், பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அளவைக் கூட்டுவதும் திடீரென நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்கவேண்டும். குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற நரம்புவலி மருந்துகளையும் சிலருக்குத் தருகிறோம். முன்னது வாயை உலர்த்தும் என்பதால் ஏற்கெனவே வறட்சி உள்ளவர்களுக்கு யோசித்தே தருவேன். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் என்ற சத்து மாத்திரையின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. வலியை எதிர்கொள்ளப் பயிற்றும் உளவியல் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், தயவுசெய்து உங்களைப் பொய்யர் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை சில. ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்புத் திரவத்தை இன்றே தூக்கியெறியுங்கள். காரம், புளிப்பு, புகையிலை, மது ஆகியவற்றை விலக்குங்கள். ஐஸ் துண்டை மெல்லச் சப்புவதும், குளிர்ந்த நீரை அடிக்கடி பருகுவதும், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுவதும் பலருக்கு உதவுகின்றன. நாக்கை வழிக்கும் தகட்டால் எரிச்சலைச் சுரண்டியெடுத்துவிட முடியாது; அழுத்தி வழித்து வழித்து நாக்கு நுனி சிவந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கைப் பற்களின் விளிம்பில் ஓயாமல் தேய்ப்பவர்கள் உண்டு. அவர்கள் நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு வரிசையாகப் பதிந்திருக்கும். தேய்க்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

கண்ணாடி முன் டார்ச் அடித்து நாக்கைத் தினமும் ஆராயும் பழக்கத்தையும் விடுங்கள். நாக்கின் மேற்பரப்பில், பின்கோடிக்குச் சற்று முன்னால் தலைகீழான ‘V’ எழுத்து வடிவில் வரிசையாகத் தெரியும் மொட்டுகள் புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. எல்லோருக்கும் பிறப்பிலிருந்தே இருக்கும் சுவை மொட்டுகளின் மேடுகள். அவற்றைக் கண்டு இரவெல்லாம் அழுதவர்கள் இருக்கிறார்கள். வாய் எரிச்சல் நோய் புற்றுநோயாக மாறுவதில்லை.

சக பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எக்ஸ்ரேயிலும் பரிசோதனையிலும் குறை தெரியாத பல்லை, நோயாளியே கெஞ்சினாலும் எடுக்காதீர்கள். எடுத்த பல்லைத் திருப்பி வைக்க முடியாது.

எரிச்சலோடு சேர்ந்து, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, கட்டி, ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது வேறு விஷயம். முன்பே இந்த நோய் என்று சொல்லப்பட்டிருந்தாலும், தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று புதிதாக வந்த அறிகுறி இது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.