படம் ஓடுகிறது, சத்தம் இல்லையா? லென்ஸை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

போன தீபாவளிக்கு முந்திய வாரம், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் ரிப்பேர் கடைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் பசார் மாலாம் (இரவுச் சந்தை) பிளாஸ்டிக் பை, பைக்குள் டிவிடி பிளேயர்.

"தம்பி, படம் நல்லா ஓடுது, சத்தம்தான் வரல. வேற ஒரு கடையில லென்ஸ் போச்சுன்னு எண்பது வெள்ளி வாங்கிட்டு மாத்திக் கொடுத்தாங்க. வீட்டுல போட்டுப் பாத்தா மறுபடியும் ஊமை."

பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம், அந்த எண்பது வெள்ளி (ரிங்கிட்) வீண். டிவிடியில் படம் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் இருப்பதில்லை. இரண்டும் சிறு சிறு துண்டுகளாகக் கலந்து ஒரே தடத்தில் பதிந்திருக்கின்றன. லென்ஸ் படிப்பது அந்த ஒரே ஓட்டத்தைத்தான். லென்ஸ் பலவீனமானால் முதலில் படம் திக்கும், கட்டம் கட்டமாக உடையும், கடைசியில் 'நோ டிஸ்க்' என்று வரும். படம் தங்குதடையில்லாமல் ஓடி ஒலி மட்டும் துளிகூட இல்லையென்றால், லென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்குப் பிறகு எங்கேயோ இருக்கிறது. 'சத்தம் வராததற்கு லென்ஸ் மாற்றணும்' என்று யாராவது சொன்னால், 'அப்போ படம் மட்டும் எப்படி வருது?' என்று கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. எல்லா டிஸ்க்கும் ஊமையா, சிலது மட்டுமா? முன்பு ஹோம் தியேட்டர் இருந்ததா?

"பழைய படமெல்லாம் பேசுது தம்பி. அவரு ஆசையா வாங்கி வச்ச அஞ்சாறு டிஸ்க்குதான் பேசல. ஹோம் தியேட்டர் அவரு இருந்தப்ப இருந்துச்சு. கெட்டுப்போய் பழைய பேப்பர் லோரிக்காரன்கிட்ட போட்டுட்டோம்."

கதை அங்கேயே முடிந்துவிட்டது. பேசாத டிஸ்க்குகளின் அட்டையில் டிடிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரு காலத்தில் நம் தமிழ்ப் பட டிவிடிகளுக்கு அதுதான் கௌரவம். டிடிஎஸ், டால்பி டிஜிட்டல் இரண்டும் ஒலியைச் சுருக்கி மூட்டை கட்டும் முறைகள். ஆனால் டிவிடி விதிப்படி டால்பி டிஜிட்டலைத்தான் எல்லாப் பிளேயரும் படித்தாக வேண்டும். டிடிஎஸ் கட்டாயமில்லை, தயாரிப்பாளர் விருப்பம். கணவர் இருந்த காலத்தில் பிளேயரை 'பிட்ஸ்ட்ரீம்' என்று வைத்திருந்தார். அதாவது ஒலியைப் பிரிக்காமல் மூட்டையாகவே அனுப்பு, ஹோம் தியேட்டர் பிரித்துக்கொள்ளும் என்று அர்த்தம். இப்போது ஹோம் தியேட்டர் இல்லை. மூட்டை நேராக எச்டிஎம்ஐ ஒயர் வழியே டிவிக்குப் போகிறது. டால்பி மூட்டையை அந்த அம்மாவின் டிவிக்குப் பிரிக்கத் தெரியும், டிடிஎஸ் மூட்டையைத் தெரியாது. தெரியாததை டிவி சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிடும். இப்படிப்பட்ட டிவிகள் நிறைய உண்டு, விலை உயர்ந்தவையும் சேர்த்து.

இதற்கு இரண்டு வழி. ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். அதே டிஸ்க்கில் டால்பி அல்லது ஸ்டீரியோ தடம் இருந்தால் சத்தம் வந்துவிடும். இல்லையென்றால் பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிஜிட்டல் அவுட்' அல்லது 'எச்டிஎம்ஐ ஆடியோ' என்ற இடத்தில் பிட்ஸ்ட்ரீமை 'பிசிஎம்' ஆக்குங்கள். சில பிளேயர்களில் பிட்ஸ்ட்ரீமுக்கு 'ரா' என்று பெயர். பிசிஎம் வைத்தால் பிளேயரே மூட்டையைப் பிரித்து, எந்த டிவிக்கும் புரியும் ஒலியாகக் கொடுக்கும். மலிவான சில பிளேயர்களுக்கு டிடிஎஸ் பிரிக்கவே தெரியாது. அவற்றில் முதல் வழி மட்டும்தான். நாளை புது ஹோம் தியேட்டர் வாங்கி ஆப்டிகல் ஒயரில் மாட்டினால், மறக்காமல் மறுபடி பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். அந்த ஒயரில் பிசிஎம் இரண்டு சேனல்தான் போகும். ஆறு ஸ்பீக்கர் வாங்கி இரண்டின் சத்தத்தைக் கேட்பானேன்!

இன்னொரு வகைப் புகார் இருக்கிறது. "அண்ணே, பாட்டும் சண்டையும் வீட்டையே ஆட்டுது, பேச்சு மட்டும் கிணத்துக்குள்ளேர்ந்து வருது." 5.1 என்ற ஆறு ஸ்பீக்கர் ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். பிளேயரின் பின்னால் ஆறு ஒலித் துளைகள் இருந்து, இடது வலது இரண்டை மட்டும் டிவியில் மாட்டியிருந்தால், வசனம் மூன்றாவது துளையில் ஆளில்லாமல் நிற்கும். மெனுவில் ஸ்பீக்கர் அமைப்பை 'டவுன்மிக்ஸ்' அல்லது 'ஸ்டீரியோ' ஆக்கினால் வசனம் இரு பக்கமும் பிரிந்து வந்துசேரும். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கர் ஒயரை ஒரு தடவை பாருங்கள். எலி கடித்த ஒயர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கராவோக்கே விசிடி போட்டுவிட்டு 'பாடகர் குரல் போச்சு' என்று வருபவர்களும் உண்டு. அதில் ஒரு பக்கம் இசை மட்டும், மறுபக்கம் இசையோடு குரல். எல்/ஆர் பொத்தானை யாரோ அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒயரிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிளேயர்களின் முதுகில் சிவப்புத் துளை இரண்டு இருக்கும். பச்சை, நீலத்தோடு நிற்கும் சிவப்பு படத்துக்கு, வெள்ளையோடு நிற்கும் சிவப்பு ஒலிக்கு. மாறி மாட்டினால் ஒரு பக்க ஒலி போகும், படத்தின் நிறமும் கெடும்.

புளூரே பிளேயரில் ஏறக்குறைய இருபது நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு திடீரென்று ஊமையாகி, திரையில் 'சினாவியா' என்றும் மூன்றாம் எண் குறியீடும் வந்தால் கடைக்குத் தூக்கிவராதீர்கள். அது கோளாறு இல்லை. கள்ள நகலைப் பிடிக்க ஒலிக்குள்ளேயே மறைத்துவைத்த அடையாளம். 2012-க்குப் பிறகு வந்த புளூரே பிளேயர்கள் அதைத் தேடிப் பார்க்கும்படி செய்யப்பட்டவை. எத்தனை தடவை நகலெடுத்தாலும் அந்த அடையாளம் ஒலியோடு கூடவே போகும். இதை ரிப்பேர் செய்து தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். நான் செய்வதில்லை.

மெஷினே கெட்டுப்போவதும் உண்டுதான். சாதாரணப் பாட்டு சிடி ஒன்றைப் போடுங்கள். சிடியில் மூட்டை கட்டும் வேலை இல்லை. வெள்ளை-சிவப்பு ஒயரில் அதுவும் பேசவில்லை, ஒயரை மாற்றியும் பேசவில்லை என்றால் உள்ளே பார்க்கத்தான் வேண்டும். ஒலியைப் பெருக்கும் சில்லுக்கு மின்சாரம் தரும் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், அல்லது ஒலியை அடைக்கும் 'மியூட்' டிரான்சிஸ்டர் சிக்கியிருக்கும். சாமான் சில வெள்ளிதான். ஆனால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். நம் வீட்டு 240 வோல்ட் உள்ளே போய் 340 வோல்ட் நேர்மின்சாரமாகிப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கையில் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். இடி மின்னலுக்குப் பிறகு எச்டிஎம்ஐ வழியே ஒலியும் படமும் சேர்ந்து நின்றுபோனால் அது வேறு கதை. கோலாலம்பூர் மழையில் பிளக்கையும் ஒயரையும் கழற்றி வைப்பதுதான் மலிவு.

கடைக்குக் கொண்டுவருபவர்கள் பேசாத டிஸ்க்கையும் ரிமோட்டையும் சேர்த்து எடுத்துவாருங்கள். முன்பக்கத்தில் இருக்கும் நாலு பொத்தானை வைத்து மெனுவுக்குள் போக முடியாது. அந்த அம்மா ரிமோட்டைக் கொண்டுவரவில்லை. பேரன் மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவந்தான். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. கொஞ்சம் காடி தொட்டுத் துடைத்து, இரண்டு புது பேட்டரி போட்டேன். பிசிஎம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.