மரபணு ரிப்போர்ட்டில் 'உறுதியில்லை' என்று வந்தால்

மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். 'விளைவு உறுதியாகாத மாற்றம்' என்று அதில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள். கல்யாணப் பேச்சையே நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்த வரி நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது ஏன் வருகிறது என்று புரிய, உங்கள் மரபணுவை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும்.

ஒப்பிடும் அளவுகோல், மனித மரபணுத்தொகுதித் திட்டத்தின் வழியாக வந்தது. 1990இல் தொடங்கி, 2003 ஏப்ரலில் முடிந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து சுமார் 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தன. விட்டுப்போன சுமார் 8 சதவீதம் 2022இல்தான் நிரம்பியது. இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது 1996இல் பெர்முடா தீவில் எடுத்த முடிவைத்தான். படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் இன்று நம் ஊர் ஆய்வகமும் காசு கொடுக்காமல் அதைப் பயன்படுத்துகிறது.

சரி, அது யாருடைய டி.என்.ஏ.? அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1997இல் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்து, முன்வந்தவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அளவுகோலில் ஏறக்குறைய 70 சதவீதம், பெயர் வெளியிடப்படாத ஒரே ஒருவருடையது. அவர் 'சரியான' மனிதர் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் ஒவ்வொருவருக்கும் அந்த அளவுகோலிலிருந்து 40, 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும், பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை. எது தொந்தரவு தரும் என்று பிரித்துச் சொல்ல, அதே மாற்றம் உங்கள் மக்களில் ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான தகவல் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்தே சேர்ந்தது. அந்தத் தகவல் போதாதபோது, ரிப்போர்ட்டில் 'உறுதியில்லை' என்று எழுத வேண்டியதாகிறது.

இதன் விளைவு 2016இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வில் தெரிந்தது. இதயத் தசை தடிக்கும் நோய் தொடர்பாகப் பரிசோதித்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் சிலரிடம், நோய் தரும் மாற்றம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிறகு பார்த்தால், அந்த மாற்றங்கள் ஆரோக்கியமான கறுப்பின மக்களிடம் சாதாரணமாகவே இருந்தன. முதலிலேயே அவர்களையும் சேர்த்து ஒப்பிட்டிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

நம் பக்கத்திலும் இதயத் தசை நோயில் ஓர் உதாரணம் உண்டு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அது இதயநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு. ஐரோப்பியர்களை மட்டும் படித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. ஆனால், இந்த மாற்றத்தோடு நன்றாக வாழ்கிறவர்களும் நிறைய பேர். 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 10,000 இந்தியர்களின் தகவல் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் சேர்ந்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இவ்வளவு சமூகங்கள் உள்ள நாட்டுக்கு இது ஆரம்பம்தான்.

அதனால் 'உறுதியில்லை' என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கோ கருக்கலைப்புக்கோ போகாதீர்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர் இருந்தால் முதலில் அவரைப் பரிசோதியுங்கள். குழந்தையின் ரிப்போர்ட் என்றால் அப்பா அம்மா இருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் அதிலேயே விடை கிடைத்துவிடும். 'நோய் தரும் மாற்றம்' என்று உறுதியாக எழுதியிருந்தால் கதையே வேறு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், ஆய்வகத்திடம் ரிப்போர்ட்டோடு முழுத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு, மூன்று ஆண்டு கழித்து, மறுபடி ரத்தம் எடுக்காமல் அதையே திரும்ப ஆராயலாம்.